போர்த்தோ பாலத்தில் நான் எடுத்த படம்

1

ஊரைவிட்டு வந்து இந்த வருடத்தோடு இருபது வருடம். இருபதாம் ஆண்டுக் குறிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்: முதல் பனி, முதல் தனிமை, கருகிப்போன முதல் சாம்பார், முடிவில் கண்ணோரம் ஒரு துளி. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். துளி வரவில்லை. கோபம் வருகிறது.

கோபத்தில் பாதி என் மேல். மீதிப் பாதி உங்கள் மேல். உங்கள் என்றால், பத்தாம் வகுப்பில் என்னோடு உட்கார்ந்து, இன்று வாட்ஸப் குழுவில் தினமும் காலை வணக்க ரோஜாக்களை அனுப்பிக்கொண்டிருக்கும் உங்கள் மேல். அந்தக் குழுவில் இல்லாத வாசகர்கள் இதில் தங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நீங்கள் வேறொரு குழுவில் இருப்பீர்கள். அங்கேயும் ரோஜா வரும். அங்கேயும் ஒரு நாள் ஒரு பெண்ணின் படம் வரும்.

என் கதையில் அந்தப் படத்தை எடுத்தவன் நான். அனுப்பியவனும் நான். இதில் வரும் பெண்ணின் பெயர், ஊர், அவள் அப்பாவின் தொழில் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். அவளை ரம்யா என்று வைத்துக்கொள்வோம். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். “எழுதுங்க. ஆனா உங்கள நல்லவரா காட்டிக்காதீங்க” என்றாள். அதில் எனக்குப் பெரிய சிரமம் இருக்காது.

2

டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்கிற ஊரில், குடிநீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. தர்மபுரி மாவட்டத்துக்காரன் இந்த வேலைக்கு வந்ததில் வியப்பில்லை. நான் தண்ணீரைப் பரிசோதிப்பதற்கு முன்பே எங்கள் தண்ணீர் என்னைப் பரிசோதித்துவிட்டது. அந்தக் காலத்து போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு. அதைக் குடித்து வளர்ந்தவர்கள் சிரித்தால் முன்பல்லில் பழுப்புக் கோடு ஓடும். இங்கே வந்த புதிதில் பல் மருத்துவர் என் வாயைப் பார்த்துவிட்டு, எத்தனை வருடமாகப் புகைக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பீடியைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் நிலத்தடி நீர், பென்னாகரம் ரோடு, ஆழ்துளைக் கிணறு என்றெல்லாம் விளக்கும் அளவுக்கு எனக்கு அப்போது டேனிஷ் வராது. எனக்குத் தெரிந்த எண்களில் சுலபமானது பத்து. பத்து வருடம் என்று சொல்லிவைத்தேன். அவருடைய பதிவில் நான் இன்றும் திருந்திய புகைக்காரன். வருடா வருடம் பாராட்டுகிறார்.

போன ஜூனில் மூன்று பேரும் போர்ச்சுகல் போவதாக ஏற்பாடு. மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் என் மனைவி வசந்திக்குக் கடைசி நேரத்தில் விடுப்பு இல்லையென்று ஆகிவிட்டது. மகள் நிலாவுக்குப் பதினேழு வயது. அவளோடு நான் பேசும் தமிழில் வருடத்துக்கு வருடம் வினைச்சொற்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

“அப்பா, நீங்க தனியா. நல்லா இருக்கும்.”

“நீ வரலையா?”

“நான் இங்க.”

அவளே எனக்கு அங்கே போர்த்தோ நகரத்தில் ஒரு ஹாஸ்டலில் இடம் பிடித்துக் கொடுத்தாள். ஹாஸ்டல் என்றால் எனக்குத் தெரிந்தது நான் தங்கிப் படித்த விடுதி: வார்டன், எட்டு மணிக்குக் கதவடைப்பு, சாம்பாரில் தேடினால் கிடைக்கக்கூடிய கத்திரிக்காய். போர்த்தோவில் வார்டன் இல்லை. எட்டுப் பேர் அறையில் எனக்கு மேல் படுக்கை ஒதுக்கியிருந்தார்கள். ஐம்பத்தொரு வயது ஆள் அந்த ஏணியில் ஏறுவதைக் கீழ்ப் படுக்கைக்காரன் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் பையை எடுத்து மேலே போட்டான். பிரேசிலிலிருந்து வந்த சமையல்காரன், ரஃபேல், வயது இருபத்துநான்கு. நன்றி சொன்னேன். “பரவாயில்லை முனு” என்றான்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என் அப்பா முனுசாமி இருக்கிறார். வரவேற்பறையில் அதைப் பார்த்து எழுதி, கதவில் ஒட்டியிருந்தார்கள். ஊரில் அப்பா பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டவனோடு நான் கட்டிப் புரண்டு சண்டை போட்டிருக்கிறேன். இங்கே மூன்று நாள் முனுவாகவே திரிந்தேன். சும்மா சொல்லக் கூடாது, சுகமாகத்தான் இருந்தது. யாருக்கும் நான் யார் வீட்டுப் பையன் என்று தெரியாது. எனக்குக் கிடைத்த அந்தச் சுகத்தைத்தான் வந்த மறுநாள் காலையே இன்னொருத்தியிடமிருந்து பிடுங்கினேன்.

3

காலை உணவு மேசையில் ரஃபேல் முட்டையைப் பற்றி ஏதோ சொற்பொழிவு நடத்திக்கொண்டிருந்தான். எதிரே இரண்டு பெண்கள். பெண்கள் அறையில் தங்கியிருந்தவர்கள். ஒருவர் மாக்தா, போலந்தில் பள்ளி ஆசிரியை, நாற்பதை நெருங்கியவர். இன்னொருத்தி நம் பக்கத்து முகம். ரஃபேல் சொன்னதற்கு அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முன்பல்லில் பழுப்புக் கோடு.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும். இந்தியா, தமிழ்நாடு என்றெல்லாம் தேடவே வேண்டாம். நேராக மாவட்டத்திலேயே கொண்டுபோய் இறக்கிவிடும்.

“தமிழாம்மா?”

சிரிப்பு நின்றது. “ஆமாங்க.”

“எந்த ஊரு?”

“சேலம் பக்கம்ங்க.”

“சேலம் பக்கம்னா?”

“தர்மபுரி.”

“தர்மபுரில?”

“பென்னாகரம் ரோடு.”

“அட, நான் இண்டூரும்மா! ரோட்ல எந்த ஊரு?”

ஒரு வாய் காப்பி குடித்தாள். “ஏரியூருங்க.”

“ஏரியூர்ல யாரு வூடு?”

“கடைத்தெருவுல.”

“கடைத்தெருவுல என்ன கடை?”

“உரக்கடைங்க சார்.” அந்த ‘சார்’ ஒரு கதவு. அவள் அதைச் சாத்தினாள். நான் காலை நடுவில் வைத்தேன்.

ரஃபேல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். “முனு, இவள் என்ன திருடினாள்?” என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “இவள் என் தங்கை” என்று ஆங்கிலத்தில் அறிவித்தேன். ஒரே பஸ் ரூட்டில் பிறந்தவர்கள் என்பதை வேறு எப்படிச் சொல்வது?

“எதுக்குங்க தங்கச்சின்னு சொன்னீங்க?” என்று தமிழில், தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“நம்ம பக்கத்துப் பொண்ணு, தங்கச்சிதானே.”

“சரிங்கண்ணா” என்றாள். வேறு வழி வைக்கவில்லை நான்.

இருபது வருடம் வெளிநாட்டில் இருந்தும் எனக்குள் இந்தப் பழக்கம் கொஞ்சம்கூட மழுங்கவில்லை. நம் ஊரில் ஒரு ஆளை ஆளாக மட்டும் பார்த்துவிட்டு நகர முடியாது. ஊர், தெரு, வீடு, கடை எல்லாம் கேட்டு, ஒரு கொக்கியில் கொண்டுபோய் மாட்டினால்தான் கை ஓயும். அன்பாகத்தான் கேட்கிறோம். அதுதான் இதில் மோசமான விஷயம். அவள் ஒவ்வொரு பதிலையும் எவ்வளவு யோசித்துச் சொன்னாள் என்பது இப்போது எழுதும்போது தெரிகிறது. அன்றைக்கு அதைக் கூச்சம் என்று நினைத்தேன்.

4

நான்கு பேரும் சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பினோம். ரயில் நிலையச் சுவர் முழுக்க நீல ஓடுகளில் படங்கள். போர், ஊர்வலம், குதிரை. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் என்னென்ன விளம்பரம் எழுதியிருக்கும் என்று நான் சொல்ல, ரம்யா அதையே ரஃபேலுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். மூல வைத்தியத்தை அவள் மொழிபெயர்த்த விதத்தில் மாக்தா தண்ணீர் பாட்டிலோடு சுவரைப் பிடித்துக்கொண்டார். ரம்யாவுக்கு இருபத்தேழு வயது. ஜெர்மனியில் மேற்படிப்பு முடித்துவிட்டு அங்கேயே கார்களுக்கான மென்பொருளைச் சோதிக்கும் வேலை. தனியாக வரும் நான்காவது பயணம் இது. எந்தத் தெருவில் எங்கே திரும்ப வேண்டும் என்று அவள்தான் சொன்னாள்; நாங்கள் பின்னால் போனோம். நான் யார் யாரையெல்லாமோ ஒகேனக்கல்லுக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். சொந்தக்காரர் வந்தால் அருவி, மீன் வறுவல், எண்ணெய்க் குளியல், பரிசல் என்று அதே வரிசை. என்னை ஒருவர் கூட்டிக்கொண்டு போய் ஊர் காட்டியது அதுதான் முதல் தடவை.

ஒன்று மட்டும் கவனித்தேன். ரயில் நிலையத்தில் நான் போனைத் தூக்கியபோது அவள் மாக்தாவின் பின்னால் ஒதுங்கினாள். பார்த்தேன். பார்த்தும், அதற்கு அர்த்தம் இருக்கலாம் என்று தோன்றவில்லை.

ஆற்றுக்கு மேலே பெரிய இரும்புப் பாலம். மேல்தளத்தில் நடக்கலாம், நடுவில் ரயில் ஊர்ந்து போகும். கீழே ஆறும் படகுகளும் சிவப்புக் கூரைகளும். ரஃபேல் நடுவில் நின்று இரண்டு பெண்களின் தோளிலும் கை போட்டுக்கொண்டான். காற்றில் மூவரின் தலைமுடியும் ஒரு பக்கமாகப் பறந்தது. “எடு முனு!” என்றான். எடுத்தேன். நல்ல படம். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரே நல்ல படம் அதுவாகத்தான் இருக்கும்.

அங்கேயே, பாலத்தின் கம்பியில் சாய்ந்தபடி, குழுவில் போட்டேன். “போர்ச்சுகல்ல நம்ம ஏரியூர் பொண்ணு! உலகம் எவ்ளோ சின்னது!!” இரண்டு ஆச்சரியக்குறி. சில நொடியில் கேள்வி வந்தது: “ஏரியூர்ல யாரு பொண்ணு?”

இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். “உரக்கடைக்காரர் பொண்ணு” என்று தட்டினேன். ஒரு பரீட்சைக் கேள்விக்கு விடை தெரிந்தவனின் பெருமை அது. பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு, கீழே இறங்கி, நான்கு பேரும் படகு ஏறினோம். படகு ஆறு பாலங்களைச் சுற்றிக் காட்டிவிட்டு வர முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் ஊருக்குப் போதுமானதாக இருந்தது.

5

கரையில் இறங்கி, பொரித்த மீன் உருண்டைகளோடு உட்கார்ந்தபோது அவளுக்குப் போன் வந்தது.

“ஆமாங்ப்பா... இல்லீங்ப்பா... யாரு அனுப்புனா?... இல்லீங்ப்பா, அது... அப்பா, அப்பா, அவ என்னப்பா பண்ணா?”

பேசி முடித்துவிட்டுப் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“படத்த நீங்க யாருக்காச்சும் அனுப்புனீங்களா?”

“எங்க பேட்ச் குரூப்புலதான்மா. எல்லாம் நல்லவங்க.”

“எங்கப்பா போனுக்கு வந்திருக்குங்க. மாக்தா அதுல இல்ல.”

புரியவில்லை. அவள் தங்கை அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பியிருந்தாள். காட்டினாள். நான் எடுத்த படம்தான். ஆனால் இடது பக்கம் வெட்டப்பட்டிருந்தது. பாலத்தின் மேல் ரஃபேலும் ரம்யாவும் மட்டும் நின்றார்கள். தோளில் கை.

எவனோ ஒருவன், உங்களில் ஒருவன், ஒரு மரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே, போலந்துக்கார ஆசிரியை ஒருவரை விரலால் தள்ளி வெளியே எறிந்திருக்கிறான். வம்புகூட இல்லை அது. அதற்கு உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான்.

“ட்ரெயினிங்னு சொல்லிட்டு வந்தேங்க” என்றாள் ரம்யா. “எனக்கு ஒண்ணும் ஆகாது. நான் சம்பாதிக்கறேன், திட்டுனா திட்டிட்டுப் போறாரு. திவ்யாதான்.”

திவ்யா அவள் தங்கை. ஜெர்மனியிலேயே படிக்க இடம் கிடைத்திருந்தது. அன்றைக்குத் திங்கள்கிழமை. வியாழக்கிழமை காலை சென்னையில் விசா நேர்காணல். அந்த ஒரு தேதிக்காக நான்கு மாதம் காத்திருந்தார்களாம். தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசி, அதற்குள் கல்லூரி தொடங்கிவிடும். படம் வந்த பத்தாவது நிமிடம் அவர்கள் அப்பா திவ்யாவின் பாஸ்போர்ட்டையும் சான்றிதழ்களையும் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஒன்று போனது போதும் என்று சொன்னாராம்.

“உங்கள யாருங்க கேட்டா?” என்றாள். சத்தம் போடவில்லை. “நாலு பேரு கைதட்டுனாங்களா? போதுமா?”

ரஃபேலும் மாக்தாவும் விழித்தார்கள். ரம்யா சொன்னாள். “ஒரு படம்தானே? எல்லோரும் சட்டை போட்டிருக்கிறோமே” என்றான் ரஃபேல், நிஜமாகவே குழம்பி. மாக்தாவுக்குப் புரிந்தது. “எங்கள் கிராமத்தில் இந்த வேலையை என் பெரியம்மா செய்வார்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “உன்னை நான் அப்படி நினைக்கவில்லை” என்றார். பெரியம்மா பட்டம் அன்றைக்கு எனக்கு நியாயமாகவே கிடைத்தது.

அந்த வேலையை நான் செய்தது அது முதல் தடவையும் இல்லை. கல்லூரி நாட்களில் ஒருமுறை ஒகேனக்கல்லில், கூடப் படித்த ஒருவனின் தங்கையை ஒரு பையனோடு பரிசல் துறையில் பார்த்தேன். திரும்பி வரும் பஸ்ஸிலேயே இரண்டு பேரிடம் சொன்னேன். தப்பான எண்ணமெல்லாம் இல்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பெண் அடுத்த வாரம் கல்லூரிக்கு வரவில்லை. அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணப் பத்திரிகை வந்தது. நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். அன்று வாட்ஸப் இல்லை. டவுன் பஸ் இருந்தது, நான் இருந்தேன்.

6

முதலில் சண்முகத்தைக் கூப்பிட்டேன். குழுவில் “யாரு பொண்ணு” என்று கேட்டவன் அவன்தான். தர்மபுரியில் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான்.

“படத்த யாருடா வெட்டுனது?”

“எந்தப் படம்?”

“நடிக்காத.”

“நான் வெட்டலப்பா. எனக்கு வந்தப்பவே ரெண்டு பேருதான் இருந்தாங்க.”

“எனக்கு வந்தப்பவா? குரூப்புல போட்டவனே நான்தானேடா.”

“அது வேற ரெண்டு குரூப்பு சுத்திட்டு வந்துச்சு மாப்ள. நான் அவங்கப்பாவுக்கு மட்டுந்தான் அனுப்புனேன். நல்லதுக்குத்தான். நாளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா நம்மளக் கேப்பாங்கல்ல?”

“எவன் கேப்பான்?”

“ஊரு கேக்கும்.”

“உம் மவ பெங்களூர்லதானே இருக்கா? அவ யாரு கூட டீ குடிக்கறான்னு யாராச்சும் படம் எடுத்து உனக்கு அனுப்பட்டுமா?”

“அவள எதுக்குடா இழுக்கற? அவ அப்படிப்பட்ட பொண்ணு கெடையாது.”

“எப்படிப்பட்ட?”

“அங்க என்ன, வெயிலா குளிரா?” என்றான்.

ரம்யாவிடம் வந்து, “நான் உங்கப்பாகிட்டப் பேசறேன். நெசத்தச் சொல்றேன். தனியா ஊரு சுத்தறது தப்பில்லன்னு எடுத்துச் சொல்றேன்” என்றேன்.

“உங்க கொள்கையெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்ங்க. எந் தங்கச்சி வியாழக்கிழமை போகணும்.” மேசைக்குக் குறுக்கே குனிந்தாள். “நீங்க குடும்பத்தோட வந்திருக்கீங்க. நீங்கதான் என்னை வரச் சொன்னீங்க. உங்க சம்சாரம் கூடவே இருக்காங்க. இத மட்டும் சொல்லுங்க.”

“நான் சொன்னா நம்புவாரா?”

“நான் சொன்னாத்தான் நம்பமாட்டாரு” என்றாள்.

போன் போட்டேன். மரியாதையான குரல். “இண்டூருங்களா? இண்டூர்ல யாரு வூடு?” என்று ஆரம்பித்தார். நான் காலையில் அவர் மகளிடம் கேட்ட கேள்விகள் வரிசை மாறாமல் வந்தன. நாலாவதில் என் சித்தப்பா அவரிடம் உரம் வாங்குகிறவர் என்று தெரிந்தது. குரல் கொஞ்சம் இறங்கியது.

“புள்ள ட்ரெயினிங்னு சொல்லிச்சுங்க.”

“அது முடிஞ்சதும் நான்தாங்க வரச் சொன்னேன். நாங்க குடும்பத்தோட வந்து இங்க ஹாஸ்டல்ல தங்கியிருக்கோம்.”

“வூட்ல அம்மாவும் இருக்காங்களா?”

“இருக்காங்க.” இருந்தாள், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, ஆர்ஹுஸில், யாருக்கோ ஊசி போட்டுக்கொண்டு.

“ஹாஸ்டல்னு சொல்றீங்களேங்க. வார்டன் இருப்பாங்கல்ல?”

“நான் இருக்கேன்ங்க” என்றேன்.

எதிர்ப்பக்கம் பெருமூச்சு கேட்டது. “அப்ப சரிங்க. பெரியவங்க கூட இருந்தா சரி. எனக்கு என்ன தெரியும்?” அவ்வளவுதான். ஐந்து வருடம் அந்நிய நாட்டில் தனியாகப் படித்து, வேலை பார்த்து, வரி கட்டி வாழ்ந்த ஒரு பெண்ணின் வார்த்தைக்குத் திறக்காத பீரோ, ஏணி ஏறத் தெரியாத ஒரு ஆளின் பொய்க்குத் திறந்தது. அவள் எதிரே உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வென்றவளின் முகமாக அது இல்லை.

ரம்யாவின் அம்மா, என் மனைவியோடு பேச வேண்டுமென்றார். குளிக்கிறாள் என்று சொல்லிவிட்டு, வசந்தியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். “வருஷக் கணக்கா சொல்றேன், அந்த குரூப்ப விட்டுத் தொலைங்கன்னு” என்பது வரை எனக்கு. அதன் பிறகு, மருத்துவமனை ஓய்வறையிலிருந்து ரம்யாவின் அம்மாவை அழைத்து, பார்த்தேயிராத ஒரு பெண் நன்றாகச் சாப்பிடுகிறாள், கொஞ்சம் இளைத்திருக்கிறாள், நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா என்று இருபது நிமிடம் பேசினாளாம்.

புதன்கிழமை திவ்யாவின் காகிதங்கள் வெளியே வந்தன. அப்பாவே அவளைச் சென்னைக்கு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார்.

7

ஆர்ஹுஸ் திரும்பி, சாப்பாட்டு மேசையில் இதை நிலாவிடம் சொன்னேன். என்னைக் கதையில் கொஞ்சம் வீரனாக்கித்தான் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவங்ககிட்ட கேட்டீங்களா, படம் அனுப்ப?”

இங்கே பள்ளியில் வருடா வருடம் ஒரு படிவம் வரும். உங்கள் பிள்ளை இருக்கும் படத்தை எங்கெங்கே பயன்படுத்தலாம், வகுப்புச் சுவரிலா, இணையத்திலா என்று தனித்தனிக் கட்டம். பன்னிரண்டு வருடம் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு தடவைகூடப் படித்ததில்லை. இவர்களுக்கு வேறு வேலை இல்லை என்று கேலி மட்டும் செய்திருக்கிறேன். நிலாவும் எட்டாம் வகுப்பில் தன் படத்தை ஊர்க் குழுவில் போட வேண்டாம் என்றாள். அதை நான் வசந்தியிடம், பிள்ளை நம்மைவிட்டு விலகிப் போகிறாள் என்று வருத்தமாகச் சொன்னேன். அதன் பிறகும் இரண்டு தடவை போட்டேன். அவள் விலகவில்லை. என் போன் எட்டாத தூரத்துக்குத் தள்ளி உட்கார்ந்தாள்.

அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் ரம்யாவின் அப்பா என்னை அழைத்தார். புள்ள நல்லா இருக்காளாங்க? லீவுல எங்காச்சும் போறாளாங்க? நீங்க கூடப் போறீங்களாங்க? இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு நான் வார்டனாகிவிட்டேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அவளுக்குப் போன் செய்து, நாளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். அவள் சொல்வாள், நான் எழுதிக்கொள்வேன். ஒரு முறை, “அடுத்த வாரம் நீங்க ப்ராக் போறீங்கண்ணா” என்றாள். அந்த நான்கு நாளும் எங்கள் தோட்டத்துப் பூவைக்கூட நான் எங்கேயும் போடாமல் வீட்டில் ஒளிந்திருந்தேன். சிரிப்பாகச் சொல்கிறேன். அவள் சிரிக்கவில்லை. “நான் வூட்ட விட்டு வந்ததே யாருகிட்டயும் கேட்டுட்டுப் போகக் கூடாதுன்னுதாங்க” என்றாள். “இப்ப உங்ககிட்ட கேட்டுட்டுப் போறேன்.”

திவ்யா ஜெர்மனி வந்து சேர்ந்தாள். அவள் கல்லூரியில் பதிவு செய்து, அறைச் சாவியைக் கையில் வாங்கிய மறுநாள், ரம்யா தன் அப்பாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள். தனியாகத்தான் போனேன், இனியும் போவேன், அந்த அண்ணன் யாரென்றே எனக்குத் தெரியாது என்று.

அதற்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை இல்லாத ஒரு நாளில், அவர் என்னைக் கூப்பிட்டார்.

“பெரியவ எல்லாம் சொல்லிட்டாங்க.”

அவரே தொடர்ந்தார்.

“அவ சின்னப் பொண்ணு, பயத்துல பொய் சொன்னா, சரி. அம்பது வயசு ஆளு, நீங்க எதுக்குங்க சொன்னீங்க? உங்க சம்சாரத்தையும் சொல்ல வெச்சு?”

“நெசத்தச் சொல்லியிருந்தா பீரோவத் தொறந்திருப்பீங்களா?”

கடையில் யாரோ யூரியா இருக்கிறதா என்று கேட்பது கேட்டது.

“மாட்டேன்ங்க” என்றார்.

அதற்கு மேல் பேசினால் வாதத்தில் ஜெயித்தது போல் ஆகிவிடும்.

“இனிமே அவளப் பத்தி நீங்க எனக்கு எதுவும் சொல்ல வேண்டாம். நானும் உங்களக் கேக்கமாட்டேன். கேக்கணும்னா அவளையே கேட்டுக்கறேன்.”

வைத்துவிட்டார். இருபது வருடத்தில் ஊரிலிருந்து எனக்கு வந்த உத்தரவுகளில் உருப்படியானது இது ஒன்றுதான். அப்பாவும் மகளும் பேசிக்கொள்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டாரா, அவள் பதில் சொன்னாளா, சொன்னதை நம்பினாரா, எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போன வாரம் சண்முகம் குழுவில் எழுதியிருந்தான்: “மாப்ள, அந்த உரக்கடைக்காரர் பொண்ணு இப்ப எங்க இருக்கு?”

தெரியாது என்று எழுதினேன்.

“கேட்டுச் சொல்லு” என்று உடனே பதில் வந்தது.

கேட்கமாட்டேன்.